இரவில் தூத்துக்குடி கேட்க எந்த ஆன்டெனா?

சென்னையில் உட்கார்ந்து தூத்துக்குடி வானொலியைக் கேட்க முடியுமா? இரவில் முடியும். ஆப்பிலேயே கேட்கலாமே என்பார்கள் பிள்ளைகள். ஆனால் திருகித் திருகி நிலையம் பிடித்துப் பழகிய அப்பாவுக்கு அது ஆகாது. ‘அவர் ரேடியோவுக்கு ஒரு ஆன்டெனா வாங்கிக் கொடுத்துவிடலாம்’ என்று நினைப்பவர்கள், பணத்தைக் கொட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

பகலில் வானத்தின் கீழ் அயனி அடுக்கு மீடியம் வேவ் அலைகளை உறிஞ்சிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு மறைந்துபோக, அலைகள் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, தொலைதூரத்தில் இறங்கும். தூத்துக்குடியின் 1053 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோவாட் நிலையம். 500 கிலோமீட்டர் தாண்டியும் அலை வந்துவிடுகிறது. அதை அமுக்குவது நம் வீட்டு எல்.இ.டி. பல்பும், செல்போன் சார்ஜரும், இன்வெர்ட்டரும் கிளப்பும் கொர்ர்ர்தான்.

ரேடியோவில் நீட்டுகிறோமே கம்பி, அது எஃப்.எம்.முக்கும் ஷார்ட் வேவுக்கும். மீடியம் வேவை வாங்குவது உள்ளே படுத்திருக்கும் கருப்பு ஃபெரைட் குச்சி. அதற்குத் திசை உண்டு. குச்சியின் முனை நிலையத்தைப் பார்த்தால் ஒலி அமுங்கும். பக்கவாட்டு பார்த்தால் தெளியும். அதனால் முதலில் பேட்டரி போட்டு, மொட்டை மாடிக்கு எடுத்துப் போய், ரேடியோவையே மெல்லச் சுற்றிப் பாருங்கள். பலருக்கு இதுவே போதும்.

மாடியில் நீளமாக ஒயர் கட்டுவதை நான் நகரத்துக்குச் சொல்லமாட்டேன். தோட்டம், தோப்பு உள்ள வீட்டில், நல்ல எர்த்தும் கொடுத்தால் அது அருமையாக வேலை செய்யும். அடுக்குமாடியில் அது நிலையத்தோடு பக்கத்து வீட்டு இரைச்சலையும் அள்ளிக்கொண்டு வரும். மின்கம்பி அருகே ஒயர் போகவே கூடாது. இடி மின்னல் நேரத்தில் கழற்றியாக வேண்டும்.

நகரத்துக்கு ஏற்றது லூப். இரண்டடிக்கு இரண்டடி மரச்சட்டம், சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் இடைவெளி விட்டுப் பத்துச் சுற்று ஒயர் (சுமார் 25 மீட்டர்), பழைய ரேடியோவில் கழற்றிய கேங் கண்டன்சர் ஒன்று. ஒயரின் இரு முனைகளையும் கண்டன்சரில் சேர்த்தால் முடிந்தது. கரண்ட் வேண்டாம், ரேடியோவோடு இணைக்கவும் வேண்டாம். ஃபெரைட் குச்சியின் முனை சட்டத்தின் நடுவைப் பார்க்கும்படி, ரேடியோவைப் பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் குச்சி நீளவாக்கில் இருப்பதால் சட்டம் பக்கவாட்டில் வரும். நிலையத்தை லேசாகப் பிடித்துக்கொண்டு கண்டன்சரைத் திருகினால், ஓரிடத்தில் ஒலி பொங்கி எழும்.

பிறகு இரண்டையும் சேர்த்தே திருப்புங்கள். நிலையம் உச்சத்துக்கு வரும் திசையைத் தேடுவதைவிட, இரைச்சல் அடங்கும் திசையைத் தேடுவதே மேல். ஒலி கொஞ்சம் குறைந்தாலும் பேச்சு புரியும்.