கவ்வாத்துப் படாத ஒரு தேயிலை மரம்

இலங்கை மலையகத்தின் லிந்துலையைச் சூழ்ந்த மலைகளைத் தேயிலைத் தோட்டங்களாக்கிய முதல் தலைமுறைத் தொழிலாளருக்கு அந்த மண்ணிலேயே ஒரு நினைவுமரம் வேண்டும். அது தேயிலை மரமாகவே இருக்க வேண்டும்.

1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களில் பலர் வாந்திபேதிக்கும் பசிக்கும் இரையாயினர். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, பின்னர் லிந்துலை அடங்கிய டிம்புள்ளைப் பள்ளத்தாக்கெங்கும் பரவியது. காடழித்தவரும், கான் வெட்டியவரும், கன்று நட்டவரும் தொழிலாளரே.

டெய்லருக்குத் தலவாக்கலை அருகே சிலை இருக்கிறது. நட்டவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட மிஞ்சவில்லை. 1901இல் வந்த தகரத்துண்டு முறையில், தோட்ட அடையாளமும் இலக்கமும் பொறித்த தகடே பின்னர் வந்தவர்களின் பயணச்சீட்டு. 1948 குடியுரிமைச் சட்டம் தந்தையோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டபோது, அதைக் காட்ட இயலாத இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 2003இல்தான் எஞ்சியோருக்கும் சட்டம் வழி திறந்தது.

தேயிலை இயல்பில் மரம். கவ்வாத்து எனும் கிளைவெட்டும் கொழுந்துப் பறிப்புமே அதை இடுப்பளவில் நிறுத்துகின்றன. வெட்டாமல் விட்டால் அசாம் வகை 10 மீட்டருக்கும் மேல் உயரும். முன்னோர் நட்டது விதைத் தேயிலை. வெட்டுத்துண்டு நடுகை பிற்காலத்தது. எஞ்சிய விதைத் தேயிலைச் செடி ஒன்றைத் தேர்ந்து வளரவிட்டால், அவர்கள் கைபட்ட உயிரே நினைவுச்சின்னமாகும். அதன் அடியில் கல்வெட்டில் பெயர்கள் இடம்பெற வேண்டும். செக்ரோல் எனும் தொழிலாளர் வரவு ஏடுகள், பிறப்பு இறப்புப் பதிவுகள், கோயில் ஏடுகள், முதியோர் நினைவு ஆகியவற்றிலிருந்து அவற்றைத் திரட்டலாம்.

லயன் அறைகளில் வாழ்வோருக்கு மரம் எதற்கு, வீடும் காணியும் நியாயமான சம்பளமும் அல்லவா தேவை என்ற கேள்வி நியாயமானது. அவற்றுக்கு மரம் ஈடாகாது; ஈடாகக் காட்டவும் விடக்கூடாது. ஆனால் காணியுரிமைக் கோரிக்கை நிற்பதே இந்த நிலத்தை உருவாக்கியவர் யார் என்ற வரலாற்றின்மீதுதான். அந்த வரலாறு ஊரறிய நிற்பது கோரிக்கைக்கு வலுச்சேர்க்கும்.

1992 முதல் கம்பனிகள் தோட்டங்களை நடத்தினாலும் காணி அரசுடையது. ஒரு செடிக்கான இடத்தை ஒதுக்குவது கடினமன்று. தலவாக்கலை–லிந்துலை நகரசபையும், தோட்ட நிர்வாகங்களும், தொழிற்சங்கங்களும் கூடி இதைச் செய்ய வேண்டும். நினைவு வைத்திருக்கும் முதியோர் இருக்கும்போதே பெயர்களைத் திரட்டும் பணி தொடங்கட்டும்.