இலக்கம் இல்லாத தாளை இனி வாங்க மாட்டோம்



கொழுந்து நிறுக்கும் இடத்தில் நாம் தராசைப் பார்க்காமல் நிற்பதில்லை. சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கழிக்கும்போது ஒரு கிலோ கூடினாலும் வாய் திறந்து கேட்கிறோம். ஆனால் தொழில் நியாய சபையில் வழக்கு நடக்கும்போது, கம்பனி ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து கையில் கொடுத்தால், எத்தனை தாள் என்று கூட எண்ணாமல் கையெழுத்துப் போட்டு வாங்கி வருகிறோம். அங்கே கழிவது கிலோக்கணக்கு அல்ல. வருடக்கணக்கு.

நடந்ததைச் சொல்கிறோம், பெயர்களை விட்டுவிடுகிறோம். 27 வருடம் மலையேறிக் கொழுந்தெடுத்த ஓர் அம்மா சேவைக்காலப் பணத்துக்காக வழக்குப் போட்டார். "இடையில் 3 வருடம் இவருக்குப் பேர் இல்லை" என்றது கம்பனி. அப்படியானால் அந்த வருடங்களின் செக்ரோலைக் காட்டுங்கள் என்று கேட்டோம். போட்டோகொப்பி ஒரு கட்டு வந்தது. மாத ஒழுங்கு இல்லை, பட்டியல் இல்லை, ஒரு தாளிலும் பக்க இலக்கம் இல்லை.

அடுத்த தவணையில் கம்பனித் தரப்பு ஒரு தாளை எடுத்துக் காட்டியது. அது எங்கள் கட்டில் இல்லை. "அன்றைக்கே தந்தோம்" என்றார்கள். "வரவே இல்லை" என்றோம். யார் சொல்வது உண்மை என்று நிரூபிக்க எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. இலக்கம் இல்லாத கட்டில் ஒரு தாள் குறைந்தாலும் தெரியாது, கூடினாலும் தெரியாது. வழக்கு தள்ளிப்போனது. ஒவ்வொரு தவணைக்கும் அந்த அம்மாவைக் கூட்டிவர மகன் ஒரு நாள் பேரை இழந்தார்.

இதில் எவ்வளவு பணம் அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருட சேவைக்கு 14 நாள் சம்பளம். 3 வருடத்தைக் கழித்தால் 42 நாள் சம்பளம் போய்விடும். நாள் ஒன்றுக்கு 1350 ரூபா என்று கணக்குப் பார்த்தாலே 56,700 ரூபா. இலக்கம் போடாத சில தாள்களுக்குப் பின்னால் இவ்வளவு பணம் நிற்கிறது.

குற்றம் கம்பனியிடம் மட்டும் இல்லை. அந்த அம்மா பழைய சம்பளத் துண்டுகளைப் பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தார். நாங்கள்தான் அவற்றைப் போனில் படம் பிடித்து, வட்ஸ்அப்பில் அனுப்பி, அதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தோம். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். பேர்க்கணக்கில் இருந்தது 3ஆ 8ஆ என்று பிரிண்டில் தெரியவில்லை. எது எந்த மாதத்துத் துண்டு என்று எங்களுக்கே குழம்பியது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கொப்பியில் பக்கம் கிழிந்திருந்தால் வகுப்பில் கேட்கிறோம். வழக்குக் கோப்பில் அந்தக் கவனத்தை நாங்கள் காட்டவில்லை. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

"இதெல்லாம் லோயர் பார்த்துக்கொள்வார்" என்று நம் சங்கத்துக்குள்ளேயே சிலர் சொல்கிறார்கள். லோயர் எதைப் பார்ப்பார்? நாம் கொடுப்பதைத்தான் பார்ப்பார். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம், அங்கத்தவருக்காகச் சங்கமே மனுப்போடவும் சங்கப் பிரதிநிதியே தோன்றவும் இடம் தருகிறது. லோயர் இல்லாமலே நாம் போய் நிற்கும் வழக்குகள் எத்தனை! வேலை நின்று 6 மாதத்துக்குள் மனுப்போட வேண்டும் என்ற எல்லையும் இருக்கிறது. தாளை அதற்குப் பிறகு தேடத் தொடங்கினால் எப்படி?

இன்னொரு விடயம். தொழில் நியாய சபையைச் சாட்சியக் கட்டளைச் சட்டம் கட்டுப்படுத்தாது. படிக்காத தொழிலாளியும் தன் நியாயத்தைச் சொல்லட்டும் என்பதற்காக வந்த சலுகை அது. ஆனால் அந்தத் தளர்வைக் காட்டி, ஒழுங்கில்லாத கட்டை நம் தலையில் கட்டுகிறார்கள். ஒழுங்காகத் தா என்று முதல் தவணையிலேயே நாம்தான் கேட்க வேண்டும். கேட்டதை வழக்குப் பதிவில் ஏற்றும்படியும் சொல்ல வேண்டும்.

எதைக் கேட்பது?

முதலில் பக்க இலக்கம். ஒவ்வொரு ஆவணத்துக்கும் 1, 2, 3 என்று புதிதாகத் தொடங்கக் கூடாது. அப்படிச் செய்தால் ஒரே கட்டில் பத்து "மூன்றாம் பக்கம்" இருக்கும். முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை ஒரே தொடராக ஓட வேண்டும். கம்பனித் தாளுக்கு க-0001, நம் தாளுக்குத் தொ-0001 என்று முன்னெழுத்தும் வேண்டும். செக்ரோலின் பின்பக்கத்தில் எழுத்து இருந்தால் அதற்கும் இலக்கம். ஒரு மாதத்துச் செக்ரோல் இல்லையென்றால், "இந்த மாதம் தரப்படவில்லை" என்று ஒரு தாள் எழுதி, அதற்கும் இலக்கம் போட வேண்டும். பிறகு வரும் தாள் கடைசியில்தான் சேரும். அதற்காகப் பழைய இலக்கத்தை மாற்றக் கூடாது. முன்னால் வைக்கும் பட்டியலும் அதே தொடரில் 1 என்று தொடங்கட்டும். அப்போதுதான் போனில் காட்டும் பக்கமும் தாளில் உள்ள இலக்கமும் ஒத்துப்போகும்.

இது புதுமையும் அல்ல. அமெரிக்காவில் எட்வின் பேட்ஸ் என்பவர் அடிக்க அடிக்கத் தானாக இலக்கம் கூடும் முத்திரை இயந்திரத்துக்கு 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே காப்புரிமை எடுத்தார். அங்கே வழக்குத் தாள்களில் போடும் தொடர் இலக்கத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

அடுத்தது கோப்பு வடிவம். செக்ரோலை நிறத்தோடு ஸ்கேன் செய்து பி.டி.எப். ஆகத் தர வேண்டும். சிவப்பு மையில் திருத்தியதும் பென்சிலில் அரைப் பேர் போட்டதும் கறுப்பு வெள்ளைக் கொப்பியில் ஒன்றாகிவிடும், இல்லையேல் மறைந்துவிடும். சம்பளக் கணக்கு கொம்பியூட்டரில் இருந்தால் பி.டி.எப். மட்டும் போதாது, எக்செல் கோப்பும் வேண்டும். பி.டி.எப்.பில் முடிவுத் தொகைதான் தெரியும். எதை எதால் பெருக்கினார்கள், எந்தப் பத்தியை மறைத்தார்கள் என்பது எக்செலில்தான் தெரியும். எக்செலை மட்டும் வாங்கினாலும் ஆபத்து. நாளைக்கு யாரும் ஒரு எண்ணை மாற்றிவிட்டு இதுதான் அன்று தந்தது என்று சொல்லலாம். அதனால் இரண்டும் வேண்டும். பி.டி.எப்.பையும் மாற்ற முடியும் என்பதால், மொத்தப் பக்கம் இத்தனை என்று எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட பட்டியல் வேண்டும்.

தமிழில் டைப் செய்த கடிதங்களிலும் கவனம் தேவை. பாமினி எழுத்துருவில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் வரும். யுனிகோடில் அடியுங்கள். பாமினியில்தான் அடிப்பீர்கள் என்றால் பி.டி.எப். ஆக்கி அனுப்புங்கள்.

"செலவு, நேரம்" என்று கம்பனி சொல்லும். கொழுந்தை நிறுக்கப் பல தோட்டங்களில் டிஜிட்டல் தராசு வந்துவிட்டது. நம் கூடையின் கிராமைக் கணக்கிட முடிந்தவர்களுக்கு, தங்கள் தாளின் பக்கத்தைக் கணக்கிட முடியாதா?

கம்பனியைக் கேட்கும் முன் நாமும் செய்து காட்ட வேண்டும். ஒவ்வொரு தோட்டக் கிளையிலும் இரண்டு இளைஞர்களைத் தெரிவு செய்யுங்கள். லயங்களில் உயர்தரம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். போனில் ஸ்கேன் செய்ய இலவசச் செயலிகள் இருக்கின்றன. சம்பளத் துண்டுகள், சேமலாப நிதிக் கூற்றுகள், நியமனக் கடிதங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள். கோப்புக்கு 2011-03 என்று வருடத்தை முன்னும் மாதத்தைப் பின்னும் வைத்துப் பெயரிடுங்கள், ஒழுங்கு தானாக வரும். வட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். மூலத் தாளில் பேனை படக் கூடாது. இலக்கம் பிரதியில் மட்டும். ஒரு தொகுதி கிளையில், ஒரு தொகுதி மாவட்டக் காரியாலயத்தில் இருக்கட்டும்.

வரும் கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள்: பக்க இலக்கமும் பட்டியலும் இல்லாத எந்தக் கட்டையும் சங்கப் பிரதிநிதி கையெழுத்திட்டு வாங்கக் கூடாது. வாங்கத்தான் வேண்டி வந்தால், அங்கேயே எண்ணி, "இலக்கமிடப்படாத இத்தனை தாள்" என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

தராசுக்குப் பக்கத்தில் நிற்கப் பழகினோம். இனித் தாள் கட்டுக்குப் பக்கத்திலும் நிற்போம்.