"நாலு மணி நேரம்தானுங்க!"

வரன் பார்க்கும் வீடுகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் வார்த்தை இது. "தூரம்னு ஏனுங்க யோசிக்கிறீங்க? பீளமேட்டுல ஏறினா நாலு மணி நேரத்துல சிங்கப்பூர். மெட்ராசுக்கு ரயில்ல போறதுக்கு இதைவிட அதிக நேரமாகுது!" என்று தரகர் சொல்வார். பெண்ணைப் பெற்றவர்களும் தலையாட்டி விடுகிறார்கள்.

கணக்கு பொய்யில்லை. கோவையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,200 கிலோமீட்டர், ஷார்ஜா சுமார் 2,800. நேர் விமானத்தில் ஏறக்குறைய நாலு மணி நேரம்தான். ஆனால் அது வானத்தில் இருக்கிற நேரம் மட்டுமே.

தாராபுரத்திலோ கோபியிலோ இருப்பவர்கள் பீளமேடு வந்து சேர இரண்டு மணி நேரம். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விட வேண்டும். இறங்கியபின் பாஸ்போர்ட் சோதனை, பெட்டிக்குக் காத்திருப்பது, வீடு போய்ச் சேருவது என்று இன்னும் இரண்டு மணி. ஆக, நாலு பதினொன்றாகி விடுகிறது. நேர் விமானத்தில் இடம் இல்லையென்றால் கொச்சிக்கோ சென்னைக்கோ ஓட வேண்டும்.

டிக்கெட்டில் போட்ட நேரத்தைக் கழித்துப் பார்த்து, "ஷார்ஜா ரெண்டரை மணி நேரந்தான்" என்று மகிழ்கிறவர்களும் உண்டு. அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். திரும்பி வரும்போது அதே பயணம் ஐந்தரை மணி நேரமாகத் தெரியும்!

நம் அம்மா, பாட்டி காலத்தில் "ரெண்டு பஸ் மாறணும்" என்றுதான் தூரத்தைச் சொல்வார்கள். அந்த ரெண்டு பஸ்ஸுக்கு அரை நாள் கூட ஆகும். ஆனாலும், "அப்பனுக்கு மேலுக்கு சொகமில்லை" என்று சேதி வந்தால், சுருக்குப்பையில் இருக்கிற காசை எடுத்துக்கொண்டு பெண் உடனே கிளம்பிவிடுவாள். இன்றைய நாலு மணி நேரத்துக்கு டிக்கெட் பணம் வேண்டும், கம்பெனி லீவு தர வேண்டும், கணவர் சம்மதிக்க வேண்டும், குழந்தையின் பள்ளியைப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இரவில் காலமானார். மகள் சிங்கப்பூரில். கடைசி நேர டிக்கெட் வழக்கத்தைப்போல் மூன்று மடங்கு விலை. மகள் கையில் தனியாகப் பணம் இல்லை. கணவரைக் கேட்டு, அவர் யோசித்து, டிக்கெட் போட்டு வந்து சேர்வதற்குள் இரண்டாம் நாள் சாயங்காலம். அதுவரை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். அவளைத் தாமதப்படுத்தியது விமானமா? யோசித்துப் பாருங்கள்.

வெளிநாட்டு மாப்பிள்ளையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நன்றாக வாழ்கிற பெண்கள் எத்தனையோ பேர். ஆனால் "எத்தனை மணி நேரம்?" என்று கேட்பதோடு, "எங்க பொண்ணு நினைச்சா கிளம்ப முடியுமா?" என்றும் கேளுங்கள். அவள் பாஸ்போர்ட் அவள் கையில் இருக்க வேண்டும்; "பத்திரமா இருக்கட்டும்" என்று மாமியார் பீரோவில் அல்ல. போக வர டிக்கெட்டுக்கான பணம் அவள் பெயரில் தனிக் கணக்கில் இருக்கட்டும். சீர் செய்கிற பவுனில் ஒன்றைக் குறைத்தாவது இதைச் செய்யலாம்.

பெற்றவர்களும் இப்போதே பாஸ்போர்ட் எடுத்து வையுங்கள். மகளுக்குப் பிரசவம் என்று தெரிந்தபிறகு ஓடினால் விசாவும் சேர்ந்து இழுத்தடிக்கும். காலாவதிக்கு ஆறு மாதத்துக்குமேல் இருக்கிறதா என்றும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

நகையை நிறுத்துப் பார்க்கிற நாம், மகள் நம்மிடம் வந்து சேர்கிற வழியையும் அளந்து பார்க்க வேண்டாமா?

- வாசகி, கோபிசெட்டிபாளையம்.