நகர மாட்டாத மரமும் நாடு கடந்த அணிலும்

அமெரிக்காவில், ப்ளோரிடா மாநிலத்தின் வடகோடியில் அபலாச்சிகோலா நதிக்கரைச் சரிவுகளிலும், அதை அடுத்து ஜார்ஜியாவின் ஒரு மூலையிலும் மாத்திரமே இயற்கையாக வளரும் டொரேயா என்னும் ஊசியிலை விருட்சம், இன்று உலகத்தின் அபூர்வ மரங்களுள் ஒன்று. அதே வனத்தில் தாவித் திரியும் சாம்பல் அணிலோ, அந்நாட்டின் கிழக்குப் பாதியெங்கும் பூங்காக்களில் மனிதர் கையிலிருந்தே கடலை வாங்கித் தின்னும் சர்வசாதாரணமான பிராணி.

ஒரு காலத்தில் அறுபது அடி வரை ஓங்கி நின்ற இம்மரங்களைச் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஒரு பூஞ்சை நோய் வீழ்த்திவிட்டது. அந்தப் பூஞ்சைக்கு விஞ்ஞானிகள் பெயரிட்டதே 2013-இல்தான். தாய்த்தண்டு பட்டுப்போனபின் அடியிலிருந்து தளிர் கிளம்புகிறது. அது ஆள் உயரம் எட்டுமுன்னரே பட்டையில் புண் கண்டு காய்கிறது, அல்லது மான் வந்து கொம்பை உரசிச் சிதைக்கிறது. கசக்கினால் குமட்டும் வாடை வீசும் அதன் இலைகள் இன்னும் துளிர்க்கின்றன. பெருநெல்லியளவு விதைகளைத்தான் காணோம். கனத்த அவ்விதை காற்றில் பறக்காது. அணில் கொண்டுபோய்ப் புதைத்து மறந்தால்தான் அதற்கு யாத்திரை. சுமப்பவன் ஏராளம், சுமைதான் இல்லை என்பது இப்போதைய நிலை.

பனியுகத்தில் தெற்கே ஒதுங்கிய மரம், குளிர் தணிந்தபின் வடக்கே திரும்ப வழியின்றித் தங்கிவிட்டது என்று கருதுவோர் உண்டு. வட கரோலினாவின் பில்ட்மோர் தோட்டத்தில் 1939-இல் நட்ட மரங்கள் விதை கொடுத்ததைக் கண்டு, தன்னார்வலர் சிலர் 2008-இல் அம்மாநிலத்து மலைகளில் கன்றுகளை நட்டார்கள். நோயும் கூடவே குடியேறி அங்குள்ள ஊசியிலை மரங்களைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று ஆட்சேபிப்பவர்களை நான் அலட்சியம் செய்யமாட்டேன். ஏனெனில் 1876-இல் பிரபுக்களின் விநோதத்துக்காக இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட இதே சாம்பல் அணில், அந்நாட்டுச் சிவப்பு அணிலைப் பெரும்பாலான இடங்களிலிருந்து விரட்டிவிட்டு, இளமரங்களின் பட்டையையும் உரித்துத் தின்றுகொண்டிருக்கிறது.

ஆயினும் கேளிக்கைக்காக ஒரு பிராணியைக் கடல் கடத்தியதும், அழியும் தறுவாயிலுள்ள ஒரு ஜீவனைச் சில நூறு மைல் வடக்கே குடியேற்றுவதும் சமமான காரியங்கள் அல்ல. கன்றுகளை மண்ணோடு பெயர்த்துக் கொண்டுபோகாமல், தோட்டத்து மரங்களின் விதைகளை மாத்திரம் பரிசோதித்து, தாவர நோய் நிபுணர்களின் கண்காணிப்பில் மலைச்சாரல்களில் விதைக்க அனுமதிக்கவேண்டும் என்பதே என் அபிப்பிராயம். அந்த மரத்தை அருகிவரும் இனமென்று சட்டப் பட்டியலில் சேர்த்து 1984 முதல் காத்துவந்தும், நதிக்கரைத் தளிர்கள் காய்க்கும் பருவத்தை எட்டியபாடில்லை.