மருந்தில்லாமல் வைத்தியம் பார்ப்பது சாதனை இல்லீங்க

போன ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருந்தேன். சென்னையில் பொட்டி தட்டுகிறவனுக்கு மண்டகப்பட்டில் வேறென்ன வேலை? குடைவரை வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். கூட காலேஜ் தோஸ்து. கீழ்ப்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் முகாமில் வளர்ந்தவன். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் கல்வெட்டில் பீற்றிக்கொண்ட கதையைச் சொன்னேன். (ஏழாம் நூற்றாண்டுப் பதிவர்! :-))

பயபுள்ள சிரிக்கவில்லை. "2009ல எங்க டாக்டருங்களும் எதுவும் இல்லாமத்தான்டா பார்த்தாங்க" என்றான்.

உண்மைதான். 2008 செப்டம்பரில் ஐ.நா. அமைப்புகளையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது இலங்கை அரசு. சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா போன்ற அரசு மருத்துவர்கள் அங்கேயே இருந்தார்கள். மயக்க மருந்துக்கும் ரத்தத்துக்கும் தட்டுப்பாடு. போர் முடிந்ததும் அவர்களையே பிடித்து உள்ளே வைத்தார்கள். அறுவை சிகிச்சைப் பொருட்கள் வேண்டுமென்றே தடுக்கப்பட்டதாக நம்பத்தகுந்த குற்றச்சாட்டு இருப்பதாக 2011ல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது.

2023 அக்டோபருக்குப் பிறகு காசாவிலிருந்தும் அதே செய்தி. மயக்க மருந்தில்லாமல் கால் எடுத்தார்கள் என்று படிக்கிறோம். 'டாக்டர்கள் தெய்வங்கள்' என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறோம். நானும்தான். ஆனா ராஜா செங்கல்லை விரும்பி விட்டான். இவர்களிடமிருந்து மருந்தைப் பிடுங்கினார்கள். முதலில் கேட்க வேண்டியது, மருந்தை யார் நிறுத்தியது என்பதைத்தான். பாராட்டு அப்புறம்.

இன்னொன்று. மருந்து வந்தாலும் வேலை முடிவதில்லை. தோஸ்தின் அம்மா இன்றைக்கும் தீபாவளி வெடிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போய்விடுவாராம். "காய்ச்சல்னா ஜி.எச். கூட்டிட்டுப் போவேன். இதுக்கு எங்கடா போறது?" என்றான். எனக்கு வாய் வரவில்லை.

போர்ப் பகுதிகளில் ஐந்தில் ஒருவருக்கு மனநலப் பாதிப்பு என்று 2019ல் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. காசாவில் இயாத் சர்ராஜ் 1990லேயே சமூக மனநலத் திட்டத்தைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனி ஆளை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று பல வருஷமாக எழுதினார். இரண்டு பேரும் அந்த மண்ணின் மருத்துவர்கள், அந்த மக்களின் மொழியில் பேசியவர்கள். வெளியிலிருந்து வரும் டாக்டர் ஆறு மாசத்தில் கிளம்பிவிடுவார். பயமோ முப்பது வருஷம் இருக்கும். அதனால் நிவாரணம் என்றால் கட்டுத்துணியோடு, உள்ளூர் ஆளுக்குப் பயிற்சியும் சம்பளமும் சேரணும் என்பது என் கட்சி.

2021ல் நம்ம அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்ல பெயர். அந்த மறுவாழ்வில் அம்மாவின் தூக்கமும் சேர்த்தி இல்லையா?

இப்போதைக்கு 14416 நம்பரை அவனுக்குக் கொடுத்திருக்கிறேன். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். அம்மா பேசுவாரா என்று தெரியாது. இந்தத் தீபாவளிக்கு நான் அவர்கள் வீட்டில்தான் இருப்பேன்.

நீங்க என்ன நினைக்கிறீங்க மக்களே?