பதினோரு சாமானும் ஒரு விரலும்

சிறுமலைக்கு நடக்கக் கிளம்பும் நண்பர்களே, பாக்கெட்டில் இருக்கிற மடக்குக் கத்தியைக் கொஞ்சம் வெளியே எடுங்கள். கத்தரி, திருப்புளி, பாட்டில் ஓப்பனர்... பதினோரு சாமான் இருக்கு. பேஷ்! இப்போ விரலை ஓரமா ஒதுக்கிப் பிடிச்சு, விரித்த அலகின் முதுகை மரக்கட்டையில் மெதுவா அழுத்திப் பாருங்க. மடங்குதா? அப்ப அது விரலுக்கு வைத்த பொறி.

இதை நாம வாங்குறது எங்கே? திண்டுக்கல்லில்! பூட்டுக்காக 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். லீவர் எங்கே உட்கார்ந்தால் நகராது என்று தலைமுறை தலைமுறையாக அரத்தோடு யோசித்த ஊர்க்காரன், கத்திக்கு மட்டும் பூட்டு கேட்க மாட்டேங்கிறான். பிரான்ஸின் ஒப்பினல் கம்பெனி 1955-லேயே பிடியின் கழுத்தில் சுழலும் வளையம் மாட்டி விஷயத்தை முடித்துவிட்டது. ஒரே அலகு, ஒரே வளையம்.

'ஸ்டெயின்லெஸ் சார், துருவே பிடிக்காது' என்பார் கடைக்காரர். மலிவு ஸ்டெயின்லெஸ், நாலு ஆயக்குடி கொய்யா நறுக்கினதும் மழுங்கிடும். கார்பன் ஸ்டீல் கறுக்கும், துருவும் பிடிக்கும். ஆனால் துடைத்து ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். சாணைக்கல்லில் சீக்கிரமே கூர் திரும்பும். அதுக்கும் சோம்பலா? ஸ்டெயின்லெஸ்ஸே வாங்கிக்குங்க, பூட்டு இருக்கணும்.

கடையிலேயே அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வச்சிட்டு வாங்க. கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டுமே!