இரண்டாவது நாற்காலி

சகோதரிகளே, இந்த முறை சாப்பாட்டு விஷயம் கடைசியில்தான். முதலில் எங்கள் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

என் நாத்தனார் பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம். பையனுக்கு ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் வேலை. போன மாதம் பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆனதும் பையனின் அம்மா, "பொண்ணு என்ன வேலை பார்க்குறா?" என்று கேட்டார்கள். "காலேஜ் பாஸ்கெட்பால் டீமுக்கு அசிஸ்டென்ட் கோச்சுங்க" என்றாள் நாத்தனார், ஏதோ தப்பை ஒப்புக்கொள்கிற மாதிரி.

"அசிஸ்டென்ட்டுன்னா... பந்து பொறுக்கிப் போடறதா?" என்று அந்தம்மா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மறைப்பானேன், நானும்தான் சிரித்தேன். பெண் மட்டும் சிரிக்கவில்லை. காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கல்யாணம் ஆனதும் அதை விட்டுவிட்டு ஏதாவது கம்பெனி ஆபீஸில் சேரட்டும் என்பது அவர்கள் அபிப்ராயம். நாத்தனாருக்கும் அதே எண்ணம்தான். "அண்ணி, கம்பெனின்னா பஸ் தெருமுனைக்கே வருது, பி.எப். பிடிக்கிறாங்க. நீங்க சொன்னா கேட்பா, சொல்லுங்க" என்றாள். சொல்லத்தான் போனேன். அந்தப் பெண் என்னவோ நிதானமாக, "அத்தை, ஒரு நாள் என்கூட மேட்சுக்கு வாங்க. பார்த்துட்டு அப்புறமும் விடச் சொன்னீங்கன்னா விட்டுடறேன்" என்றாள்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். ஸ்ரீபெரும்புதூர் ரோடு முழுக்க ஷிப்ட் முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்கள். அவள் கையில் ஒரு பெரிய பை. அதில் கணுக்காலுக்குச் சுற்றும் டேப், ஐஸ் போட்ட பிளாஸ்க், வாழைப்பழம், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர், ஒரு நோட்டு. யார் எங்கிருந்து பந்து போட்டால் விழுகிறது, யாருக்கு எந்த முட்டியில் வலி, எல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. கல்யாண வீட்டில் சமையல்கட்டைப் பார்த்துக்கொள்கிற சித்தி மாதிரிதான் எனக்குத் தோன்றியது. பந்தியில் யாருக்கும் அவள் முகம் தெரியாது. அவள் இல்லாவிட்டால் பந்தியே நடக்காது.

இந்த ஆட்டத்தின் விதி ஒன்றும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். தலைமைப் பயிற்சியாளரும் முதல் உதவிப் பயிற்சியாளரும் ஒரே நேரத்தில் நின்றுகொண்டிருக்கக் கூடாதாம். ஒருவர் நின்றால் மற்றவர் உட்கார வேண்டும். ஆனால் ஆட்டத்தை ஒரு நிமிஷம் நிறுத்த 'டைம் அவுட்' கேட்கும் உரிமை இருவருக்கும் உண்டு.

மூன்றாவது கால் பாகம். கோச் ஐயா நின்றபடி கத்திக்கொண்டிருந்தார். இவள் உட்கார்ந்து, பந்தைப் பார்க்காமல் ஒரு பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து போய் டைம் அவுட் கேட்டாள். அந்தப் பெண் உட்கார்ந்ததுமே தலை சாய்ந்துவிட்டது. உதடெல்லாம் வெள்ளை! அம்மாவுக்கு நைட் ஷிப்டாம். முந்தின நாள் மதியத்துக்கப்புறம் பெண் ஒன்றுமே சாப்பிடவில்லையாம். அதைக் கண்டுபிடித்தது நின்றவர் இல்லை, உட்கார்ந்திருந்தவள்!

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஒரு கதை சொன்னாள். அமெரிக்காவில் டென்னஸி பல்கலைக்கழகத்தில் பாட் சம்மிட் என்ற அம்மாள் 1974-ல், தன் 22 வயதில், பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். சம்பளம் மாதம் 250 டாலர். பெண்களின் உடுப்பைத் துவைத்தும், வண்டி ஓட்டியும் அணியை வளர்த்தார். அவரிடம் விளையாடிய ஹாலி வார்லிக் என்ற பெண் 1985-ல் அவருக்கே உதவிப் பயிற்சியாளராக வந்து, 27 வருஷம் அந்த இரண்டாவது நாற்காலியில் இருந்தார். அந்த அணி எட்டு தேசியப் பட்டங்கள் வாங்கியது. எட்டிலும் இவர் பக்கத்தில் இருந்தார்.

2011-ல் பாட் அம்மாளுக்கு 59 வயதிலேயே மறதி நோய் என்று தெரிந்தது. அந்த வருஷம் பாரத்தில் பெரும்பகுதியைத் தோளில் தாங்கியது ஹாலிதான். 2012-ல் தலைமைப் பொறுப்பும் அவருக்கே வந்தது. பாட் அம்மாள் 2016-ல் காலமானார். ஹாலி 2019 வரை தலைமையில் இருந்தார். அணி தோற்கத் தொடங்கியதும் போகச் சொல்லிவிட்டார்கள்.

"முதல் நாற்காலி ஏழு வருஷம், இரண்டாவது 27 வருஷம். எது பெரிசு அத்தை?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

இந்த வேலையில் கஷ்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தொகுப்பூதியம்தான். கோடை லீவில் சம்பளம் கிடையாது. நிரந்தர உடற்கல்வி இயக்குநர் பதவிக்குப் போக வேண்டுமானால் எம்.பி.எட். முடித்து 'நெட்' அல்லது 'செட்' தேர்வும் எழுத வேண்டும். அதற்குப் படிக்கும் இடம் நமக்குத் தூரமில்லை. வண்டலூரைத் தாண்டி மேலக்கோட்டையூரிலேயே தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1920-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும் சென்னை நந்தனத்தில் உண்டு. பயிற்சியாளர் டிப்ளமாவுக்கு பாட்டியாலா போகிறார்கள். இவள் எம்.பி.எட். முடித்தாயிற்று, 'நெட்'டுக்குப் படிக்கிறாள். இன்னும் இரண்டு வருஷம் கேட்கிறாள், அவ்வளவுதான்.

"கல்யாணம் ஆனா இதெல்லாம் எதுக்கு?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் சென்னைப் பெண் அனிதா பால்துரை 19 வயதில் இந்தியக் கூடைப்பந்து அணிக்குத் தலைவி ஆனவர். குழந்தை பிறந்த பிறகும் களத்துக்குத் திரும்பியவர். 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இப்போது சாப்பாட்டு விஷயம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. விளையாடும் பெண்ணை வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். நைட் ஷிப்ட் போகும் தாய்மார்கள் முந்தின இரவே கேழ்வரகுக் கூழ் கரைத்து வைக்கலாம், நாலு பேரீச்சம்பழமும் ஒரு வாழைப்பழமும் பையில் போடலாம். மதியம் முருங்கைக்கீரையோ பயறோ செய்தால் மேலே எலுமிச்சை பிழியுங்கள், இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு காபி, டீ வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும். அடிக்கடி தலைசுற்றல், மூச்சு வாங்கல், மாதவிலக்கில் அதிகப் போக்கு இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டி ரத்தம் பரிசோதியுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனாரிடம், "வேலையை விடச் சொல்ல என்னால முடியாது" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. பையன் வீட்டுக்கு நானே போன் செய்து, பெண் வேலையை விடமாட்டாள் என்று பேசினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேட்ச் பார்க்க வருகிறேன் என்று பையன் சொல்லியிருக்கிறான். அவன் அம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த இடம் அமையுமோ அமையாதோ, வல்லக்கோட்டை முருகன் விட்ட வழி. ஆனால் இனி எந்த வீட்டிலாவது "அசிஸ்டென்ட்தானா?" என்று யாராவது சிரித்தால், நான் சேர்ந்து சிரிக்க மாட்டேன். நீங்களும் சிரிக்காதீர்கள்.